பழம்பொருள் வியாபாரியின் ஒரு நாள்

பழம்பொருள் வியாபாரம் என்றவுடன் கொழும்பு மாநகரின் பெருந்தெருக்களும் காலிக் கோட்டையின் ஒடுங்கிய வீதிகளும் பலருக்கு நினைவில் வரும். அங்கே கண்ணாடிப் பேழைகளுக்குள் வாள்களும் பீங்கான்களும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். இன்றைய பேச்சுக்கு உரியவர் அத்தகைய கடைக்காரர் அல்லர். அவருக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. குடியிருக்கும் வீட்டின் விறாந்தையே அவருடைய கடை. பின்பக்கத்துக் கொட்டிலே பண்டசாலை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமமொன்றில், பனங்கூடலுக்கும் தோட்டவெளிக்கும் இடையே அந்த வீடு அமைந்திருக்கிறது. அவருடைய நாட்களுள் ஒன்றைத் தொடர்ந்து பார்ப்போமாயின், பழம்பொருள் என்பது யாது, அதன் மதிப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பவற்றை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

அவர் அறுபது வயதைக் கடந்தவர். அவருடைய தகப்பனார் துவிச்சக்கர வண்டியில் ஊர் ஊராகச் சென்று, பழைய பித்தளையை வாங்கிப் புதிய பாத்திரங்களை மாற்றாகக் கொடுத்தவர். தகப்பனாருக்குப் பழைய பாத்திரம் என்பது நிறை மட்டுமே. மகனோ நிறையைப் பார்க்குமுன் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் அடியையும் விளிம்பையும் பார்க்கும் பழக்கமுடையவர். இந்த ஒரு வேறுபாடுதான் தகப்பனின் தொழிலை மகனின் தொழிலாக மாற்றியது எனலாம்.

காலையில் எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, விறாந்தையிலுள்ள பொருட்களை ஒரு முறை சுற்றிப் பார்ப்பது. குத்துவிளக்குகள், வெற்றிலைத் தட்டங்கள், பாக்குவெட்டிகள், மூக்குப்பேணிகள், அரிக்கன் லாம்புகள், நெல் அளந்த கொத்துகள், எழுத்தாணிகள், கால் ஒடிந்த சாய்மனைக் கதிரை, பேசாத வானொலிப் பெட்டி ஆகியன அங்கே இடம் பிடித்திருக்கின்றன. வீட்டுக்கு வருகின்றவர் அமர்கின்ற வாங்கும் விற்பனைக்குரியதே. “இஞ்சாருங்கோ, இந்த வீட்டிலே விலை பேசாமல் இருக்கிறது நானும் அடுப்பும்தான்” என்று அவருடைய மனைவியார் அடிக்கடி சொல்வதுண்டு. அடுப்படியிலிருந்த ஆட்டுக்கல்லை ஒருமுறை அவர் விலை பேசிவிட்டார் என்பதை அந்த அம்மையார் இன்னும் மறக்கவில்லை.

மரப்பொருட்களின் கீழே புதிதாக மாத்தூள் விழுந்திருக்கிறதா என்று அவர் விரலால் தடவிப் பார்க்கிறார். பழைய துளைகள் அஞ்சத்தக்கவை அல்ல. மெல்லிய, வெளிறிய தூள் புதிதாக உதிர்ந்திருந்தால், மரத்தினுள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்பது பொருள். அப்பொருளை உடனே பிரித்து வைத்தல் வேண்டும். இல்லையேல் பக்கத்திலுள்ளவையும் உளுத்துப் போகும்.

அடுத்ததாக உலோகப் பொருட்கள். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவதையே தூய்மை என்று எல்லோரும் எண்ணுகின்றனர். அன்றாடம் ஏற்றும் விளக்குக்கு அது பொருந்தும். ஆனால் பழைய நாணயத்தையோ வெண்கலச் சிற்பத்தையோ அவ்வாறு துலக்கினால், காலம் அதன்மேல் இட்ட கபில நிறப் போர்வை போய்விடும். நுண்ணிய எழுத்துகளும் தேய்ந்துவிடும். அந்தப் போர்வை உலோகத்துக்குக் காவல். இதற்கு மாறாக, வெளிறிய பச்சை நிறத்தில் மாப்போலப் பூத்து வருவது நோய். உப்பிலுள்ள குளோரைட்டு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து அரிப்பதால் அது உண்டாகிறது. கடற்காற்று வீசும் குடாநாட்டில் அந்நோய்க்குக் குறைவில்லை. ஆதலால் நாணயங்களை அவர் ஈரம் படாத தகரப் பேணியில் வைத்திருக்கிறார், துலக்குவதில்லை.

அப்பேணியினுள் ஒல்லாந்தரின் செப்புத் துட்டுகள் சில உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரை ஒரு பக்கத்திலும், ஒல்லாந்து மாகாணமொன்றின் சின்னம் மறுபக்கத்திலும் காணப்படும். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் ஒல்லாந்தரின் கையில் இருந்தமையால் இவை பழைய வீடுகளில் இன்றும் எஞ்சியிருக்கின்றன. விக்டோரியா மகாராணியின் தலையும் தாளிப்பனையும் பொறித்த, 1870 ஆம் ஆண்டைத் தாங்கிய சதங்களும் அங்கே உண்டு. போலிகளும் உண்டு, அவற்றை அவர் தனியாக ஒரு சீலைத் துண்டில் முடிந்து வைத்திருக்கிறார். அச்சில் அடித்த நாணயத்தின் எழுத்து கூர்மையாக இருக்கும். வார்ப்பில் ஊற்றிய போலியின் முகத்தில் சிறு குழிகளும் விளிம்பில் இணைப்புக் கோடும் தெரியும். வருகின்ற இளைஞருக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பம்.

காலை ஒன்பது மணியளவில், பழைய இரும்பும் போத்தலும் சேகரிப்பவர் ஒருவர் தம் முச்சக்கர வண்டியோடு படலையடியில் வந்து நிற்கிறார். மூன்று செம்புகளும் ஒரு கிடாரமும் அவரிடம் உள்ளன. கிடாரம் சிறப்பான வேலைப்பாடு. தகட்டை அடித்து வளைத்து, பற்களைப்போல ஒன்றினுள் ஒன்றாகக் கோத்துப் பற்றவைத்த பொருத்து அதன் பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது. இயந்திரத்தில் சுழற்றிச் செய்த இக்காலப் பாத்திரத்தில் வட்டவட்டமான கோடுகளே இருக்கும். இத்தகைய பொருத்து இராது. வாங்கி விற்றால் நல்ல ஊதியம் கிடைக்கும். அந்த வாரம் முழுவதும் விற்பனை நடக்கவில்லை என்பதும், பேரனின் வகுப்புக் கட்டணத்துக்குத் தவணை வந்துவிட்டது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் கிடாரத்தைத் திருப்பி விளிம்பைப் பார்க்கிறார். ஓரிடத்தில் நான்கு விரலளவு நீளத்துக்கு அரத்தால் உராய்ந்த புதிய தழும்பு பளபளக்கிறது.

“தம்பி, இதை எங்கே எடுத்தீர்?”

“நிறுத்துத்தான் வாங்கினேன், ஐயா. யாருடையது என்று நான் கேட்கவில்லை.”

“கேட்காதது உம்முடைய பிழை. கேட்டும் கேளாததுபோல நான் வாங்கினால் அது என்னுடைய பிழை. கொண்டு போம்.”

யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரிய பாத்திரங்களின் விளிம்பிற் பெயரெழுத்துகளை வெட்டி வைப்பது வழக்கம். கலியாண வீட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் பாத்திரங்களை இரவல் கொடுத்து வாங்கிய காலத்தில் அவ்வெழுத்தே உறுதிப்பத்திரம். பொருளுக்கு உரியவன் தன் பெயரை அரத்தால் உராய்வதில்லை. உராய்ந்தவன் எவனோ, அவனிடம் அப்பொருள் நேர்வழியில் வந்திருக்க முடியாது. வியாபாரி கண்ட நியாயம் இதுவே.

இந்த நியாயம் அவருக்கு நூலறிவால் வந்ததன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டு வெளியேறினர். அப்போது அவருடைய தாயார் தம் சீதனப் பாத்திரங்களைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள் இறக்கிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது கிணற்றில் தண்ணீர் மட்டுமே இருந்தது. தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனினும், எங்கிருந்து எந்தப் பாத்திரம் வந்தாலும் அவர் முதலில் அதன் விளிம்பைப் பார்ப்பது தம் தாயாரின் இரண்டு எழுத்துகளைத் தேடித்தான் என்பதை மனைவியார் அறிவார். இன்று உராய்ந்து கிடந்த அந்த நான்கு விரலளவு இடத்தில் எந்த எழுத்துகள் இருந்தனவோ, அதை எவரும் இனிச் சொல்ல முடியாது. முச்சக்கர வண்டி போன பின்பும் அவர் சிறிது நேரம் படலையடியிலேயே நின்றார். அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பகற்பொழுதில் ஆச்சி ஒருவர் பனையோலைப் பெட்டியுடன் வருகிறார். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். வீட்டை விற்றுவிட்டுத் தம்மிடம் வந்துவிடுமாறு அழைக்கின்றனர். பெட்டியினுள் ஒரு தூண்டாமணி விளக்கும் ஓர் ஏட்டுக்கட்டும் இருக்கின்றன.

“தம்பி, விளக்கை நிறுத்துப் பார். இந்த ஓலைகளை அடுப்புக்குப் போடவும் மனம் வரவில்லை.”

அவர் விளக்கை விரலாற் சுண்டுகிறார். ஓசை நீண்டு அடங்குகிறது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் இவ்வாறு ஒலிக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு இத்துணை நீண்ட ஓசை இல்லை. “ஆச்சி, இது நிறைக்கு விற்கிற சாமான் அல்ல” என்று சொல்லி, நிறைவிலையிலும் பன்மடங்கான ஒரு தொகையை அவரே கூறுகிறார். கேட்டவர் விலையைக் கேளாமலிருக்க, வாங்குபவர் உயர்த்திச் சொல்லும் இந்த விந்தையைக் கண்டு ஆச்சி சிறிது ஐயுறுகிறார். தொகையை இரண்டு தவணையாகத்தான் தரமுடியும் என்று கேட்டபின்னரே அவருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

ஏட்டுக்கட்டை அவர் விலைக்கு வாங்கவில்லை. ஏட்டை ஒவ்வோர் ஓலையாகப் பிரித்துச் சட்டமிட்டு, சுவரில் மாட்டும் அழகுப்பொருளாக விற்போர் உண்டு. அவ்வாறு பிரித்த அன்றே நூல் இறந்துவிடும். ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. முன்னும் பின்னும் படித்தே சொல்லைத் துணிய வேண்டும். ஒற்றை ஓலைக்கு முன்னும் இல்லை; பின்னும் இல்லை. அவருக்கு அந்த எழுத்து முழுவதும் வாசிக்கத் தெரியாது. ஆனால் மருந்தின் பெயர்கள் சிலவும் அளவுகளும் கண்ணிற் படுகின்றன. வைத்தியச் சுவடியாக இருக்கலாம் என்பது தெரிகிறது.

இச்சுவடி அற்பமானதாகவும் இருக்கலாம். வேறெங்கும் இல்லாததாகவும் இருக்கலாம். 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்தவர். அவரைப் போன்றோர் தேடிச் சென்றபோது ஏடுகள் கிடைத்தமைக்குக் காரணம், எழுத வாசிக்கத் தெரியாத வீட்டார் சிலரும் அவற்றை எறியாமல் இறப்பிற் செருகி வைத்திருந்தமையே. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அதன் பின்னர் ஒரு வீட்டின் பெட்டியிற் கிடக்கும் சுவடியின் பொறுப்பு முன்னையிலும் கூடிவிட்டது. வியாபாரி ஆச்சியின் எதிரிலேயே பல்கலைக்கழக நூலகத்துக்குத் தொலைபேசியிற் பேசி, சுவடியைக் கையளிக்க நாள் குறிக்கிறார். எண்ணிமப் படம் எடுத்தபின் ஒரு படி ஆச்சியின் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

மதிய உணவின் பின்னர் சாய்மனைக் கதிரையில் அவர் சாயும் நேரத்திற் கைத்தொலைபேசி ஒலிக்கிறது. கொழும்பிலிருந்து ஒருவர். கொட்டிலிலுள்ள முதிரைப் பெட்டகத்தின் படத்தைப் பார்த்திருக்கிறார். கேட்ட விலைக்கு மேலேயும் தருவதற்கு அவர் ஆயத்தம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. “ஒல்லாந்தர் காலத்தது” என்று ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும்.

பெட்டகம் பொய் சொல்லவில்லை. கடிதந்தான் பொய் சொல்ல வேண்டியிருந்தது. கையால் அறுத்த பலகையில் வாளின் தழும்புகள் நேர்கோடாகவும் சீரின்றியும் இருக்கும். இப்பெட்டகத்தின் உட்பலகையிலோ வட்டவாளின் வளைந்த கோடுகள் தெரிகின்றன. பூட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகள் கூர்நுனி உடையவை. அத்தகைய இயந்திரத் திருகாணிகள் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வழக்குக்கு வந்தன. ஒல்லாந்தர் இந்நாட்டை விட்டுப் போனபின் பல்லாண்டுகள் கழித்தே இப்பெட்டகம் செய்யப்பட்டிருக்க வேண்டும். “ஐயா, நூறு வருடம் என்று எழுதித் தருகிறேன். அதற்கு மேல் ஒரு வருடமும் கூட்டமாட்டேன்” என்கிறார் வியாபாரி.

மறுமுனையிலிருந்தவர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமுடையவர் என்பது பேச்சிற் புலப்படுகிறது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான 1815 மார்ச் 2 ஆம் நாளை எல்லையாகக் கொண்டது. அந்நாளுக்கு முற்பட்ட கலைப்பொருட்களும் நாணயங்களும் எழுத்துகளும் தொல்பொருட்கள். அனுமதியின்றி அவை தீவைவிட்டு வெளியேற முடியாது. நிலத்தினுள்ளிருந்து வெளிப்படுபவை அரசுக்கே உரியன. 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் இத்தகைய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதோடு, அவற்றை விற்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் எனவும் விதித்தது. அந்த அனுமதிப்பத்திரம் வியாபாரியின் வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பொய்க் கடிதம் பெட்டகத்தின் விலையை உயர்த்தும். அதே கடிதம் அதனைத் துறைமுகத்தில் மறிக்கவும் செய்யும். இதை எடுத்துரைத்தபோது கொழும்புக்காரர் யோசித்துச் சொல்வதாகக் கூறித் தொடர்பைத் துண்டித்தார். அன்றைய இரண்டாவது வரவும் இவ்வாறு கைநழுவியது.

மாலை நேரத்தில் நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் தம் சிறு மகனோடு வருகிறார். மூக்குப்பேணி ஒன்று வேண்டும். பாட்டியார் தேநீர் தந்த பேணி நினைவிலிருக்கிறதாம். சிறுவன் அதை வாயில் வைத்துக் குடிக்க முயல்கிறான். வியாபாரி தண்ணீர் வார்த்து, தலையை நிமிர்த்தி, உதடு படாமல் மூக்கின் வழியே ஊற்றிக் குடித்துக் காட்டுகிறார். சிறுவனின் சட்டை நனைகிறது, எல்லோரும் சிரிக்கின்றனர்.

“இது எவ்வளவு சுத்தமான பழக்கம்!” என்கிறார் அந்தப் பெண்.

“சுத்தந்தான், பிள்ளை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தப் பேணியும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. தேநீர்க்கடையிலே சிலருக்குப் பேணி, சிலருக்குச் சிரட்டை. அதையும் உம்முடைய மகனுக்குச் சொல்லும்.”

விற்கும் நேரத்தில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்வதால் விலை கூடுவதுமில்லை. பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இலங்கையில் 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அதற்குப் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளுக்கும் கோயில் வாசல்களுக்கும் முன்னால் மக்கள் போராட வேண்டியிருந்தது. சிரட்டை எதுவும் இன்று பழம்பொருளாக விற்பனைக்கு வருவதில்லை. அது மண்ணோடு மண்ணாகிவிட்டது. எஞ்சியிருக்கும் பேணிதான் இரண்டின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பேணிகளை வாங்கிச் செல்கிறார். அன்றைய விற்பனை அதுவே.

இரவு உணவுக்குப்பின் அவர் ஒரு பழைய கணக்குக் கொப்பியைத் திறக்கிறார். கணக்கு அதிற் சிறுபகுதியே. எந்தப் பொருள், எந்த நாளில், எந்த ஊரிலிருந்து, யார் கையால் வந்தது. கொண்டு வந்தவர் அதைப்பற்றிச் சொன்னது என்ன. பிறகு யார் கைக்குப் போனது என்பன எழுதப்பட்டிருக்கின்றன. ஆச்சியின் விளக்கு, அது அவருடைய தாயாரின் கலியாணத்துக்கு வாங்கப்பட்டது என்ற செய்தியோடு பதிவாகிறது. வாங்கிய பொருட்களுக்குக் கீழே வாங்காத கிடாரத்துக்கும் ஒரு வரி உண்டு. அதன் உயரம், பொருத்தின் அமைப்பு, பெயர் உராய்ந்திருந்த இடம் ஆகியவற்றை எழுதுகிறார். நாளைக்கு எவரேனும் அதைத் தேடிவரக்கூடும்.

இவ்வாறான பதிவின் பயனைப் பெரிய நூதனசாலைகளும் இப்போது நன்கு உணர்ந்துள்ளன. லெவ்கே திசாவையின் பெயரால் அறியப்படும் அழகிய சிறு பீரங்கி, 1765 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் செல்லப்பட்டது. அது நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் இருந்தது. அது எவ்வாறு அங்கே வந்தது என்பதை ஆவணங்களின் துணையோடு ஆராய்ந்து தெளிந்த பின்னர், 2023 ஆம் ஆண்டில் நெதர்லாந்து அரசு அதனையும் வேறு ஐந்து பொருட்களையும் இலங்கைக்குத் திருப்பி அளித்தது. இடையிற் கழிந்தவை 258 ஆண்டுகள். அரசர்களின் பீரங்கிக்கு ஆவணம் எழுத எழுத்தர்கள் இருந்தனர். குடியானவர் வீட்டுக் கிடாரத்துக்கு அதன் விளிம்பிலுள்ள இரண்டு எழுத்துகளும் இத்தகைய கொப்பிகளுமே ஆவணம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு செம்போ, விளக்கோ, பாக்குவெட்டியோ, ஏட்டுக்கட்டோ இருக்கலாம். அதை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். எதைச் செய்வதாயினும், அது யாருடையது, யார் கொடுத்தது, எந்த ஆண்டில் வீட்டுக்கு வந்தது என்பவற்றை அறிந்த முதியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு வைத்துவிடுங்கள். அதற்கு அரைமணி நேரம் போதும். அந்த முதியவர் இல்லாத காலத்தில், எந்த வியாபாரியாலும் எந்த விலைக்கும் அந்தத் தாளை உங்களுக்கு வாங்கித் தர இயலாது.